கடைசி வரை கற்றவர்: முன்ஷி அப்துல்லாஹ்

நம்மவர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் ஒரு பேச்சு வழக்கமாகிவிட்டது. கடையை மகனிடம் ஒப்படைத்தாயிற்று, இனி நமக்கு என்ன வேலை இருக்கிறது என்பதே அந்தப் பேச்சு. காலையில் கடைக்கு வந்து கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவது, வேளைக்குப் பள்ளிவாசலுக்குப் போவது, பத்திரிகையை ஒரு முறை புரட்டுவது, வீடு திரும்பிப் படுப்பது என்று நாட்கள் கழிகின்றன. இதைக் குற்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் நாம் யாருடைய பிள்ளைகள் என்பதைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், இராமநாதபுரத்துக் கரையோர ஊர்கள் ஆகியவற்றிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் நம் முன்னோர். ரஜூலா கப்பலில் டெக் பிரயாணிகளாகப் பாய் விரித்துப் படுத்து வந்து பினாங்கில் இறங்கினார்கள். அங்கிருந்து செர்டாங், கூலிம், பண்டார் பாரு என்று தோட்டப்புறங்களைத் தேடிச் சென்று கடை போட்டார்கள். பாஷை தெரியாத ஊரில், பழக்கமில்லாத ஜனங்களிடையே, அடுத்த ஊரில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவல் இல்லாமல் இது நடந்திருக்குமா? கடை நிலைபெற்று, கையில் நாலு காசும் கொஞ்சம் ஓய்வும் கிடைத்த பிறகு அந்த ஆவல் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

இதற்கு விடை தேடுவோர்க்கு ஒரு பெரியவரின் சரித்திரம் துணை செய்யும். அவர் இந்த நாட்டிலே பிறந்தவர். நம் இரத்தக் கலப்பும் உடையவர். மலாய் இலக்கியத்தின் புதிய காலத்தைத் தொடங்கி வைத்தவர் என்று பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் படிக்கும் முன்ஷி அப்துல்லாஹ் பின் அப்துல் காதிர் அவர்களே அவர்.

நாகூரும் கெடாவும் சேர்ந்த குடும்பம்

அப்துல்லாஹ் அவர்களின் முப்பாட்டனார் ஷெய்கு அப்துல் காதிர் என்னும் பெயருடைய ஏமன் நாட்டு அரபியர். மார்க்கமும் அரபு மொழியும் போதிப்பவர். கிழக்கு நோக்கிப் பிரயாணம் செய்த அவர் நாகூருக்கு வந்து, அங்கேயே மணம் முடித்துக் குடியிருந்தார். அவருடைய காலத்துக்குப் பின் அவர் மக்கள் மேலும் கிழக்கே கப்பலேறினார்கள். அவர்களில் முகம்மது இப்ராஹீம் என்பவர் மலாக்காவில் இறங்கி, பெரியாச்சி என்னும் தமிழ் முஸ்லிம் மாதரசியை மணந்தார். அந்தப் பெரியாச்சி அம்மையார் கம்போங் பாலியில் ஏராளமான பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்து ஊர் முழுதும் மதிக்கப்பட்டவர். அவர் பேரப்பிள்ளைதான் முன்ஷி அப்துல்லாஹ்.

தாய்வழியில் பார்த்தால் கெடா மாநிலத்தாராகிய நமக்கு இன்னும் நெருக்கம். அவருடைய தாயாரின் முன்னோர் கெடாவில் வாழ்ந்து பின்பு மலாக்காவுக்கு வந்த இந்தியர்கள். தாயாரின் பெயர் செலாமா. செர்டாங்கிலிருந்து சிறிது தூரம் போனால் எல்லைக்கு அப்பால் பேராக்கில் வரும் ஊருக்கும் அதே பெயர் அமைந்திருப்பது நம் பக்கத்தாருக்கு அதை எளிதில் நினைவில் வைக்க உதவும்.

1796-ம் ஆண்டு மலாக்காவில் அப்துல்லாஹ் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த ஆண் பிள்ளைகள் நால்வரும் சிறுவயதிலேயே இறந்துபோயினர். இவரும் நோஞ்சானாகவே வளர்ந்தார். தந்தை அப்துல் காதிர் வியாபாரமும் எழுத்து வேலையும் மொழிபெயர்ப்பும் தெரிந்தவர், கண்டிப்பானவர். மகன் எந்நேரமும் ஏதாவது படித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கவேண்டும் என்பது அவர் கட்டளை. பிரம்புக்கும் குறைவில்லை.

குர்ஆன் ஓதி முடித்ததும் பையனைத் தமிழ் படிக்க அனுப்பினார் தந்தை. அக்காலத்து மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது பழைய வழக்கம். வியாபாரக் கணக்கு தமிழிலே நடந்தது. பெரிய வியாபாரிகள் பலர் தமிழர்கள். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் தமிழ் கற்றார். பின்பு மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுடன் பழகி அவர்களுடைய இந்துஸ்தானியையும் கற்றுக்கொண்டார். அவர்களுக்கு மலாய் சொல்லிக்கொடுத்தபோதுதான் மொழி ஆசிரியர் என்று பொருள்படும் முன்ஷி என்னும் பட்டம் ஒட்டிக்கொண்டது. அப்போது அவர் இன்னும் சிறு பையன்தான்.

பார்க்கப் பழகிய கண்

1810-ம் ஆண்டின் இறுதியில் ராபிள்ஸ் துரை, ஜாவாப் படையெடுப்புக்கு ஏற்பாடு செய்ய மலாக்காவுக்கு வந்தார். சுமார் பதினான்கு வயதுப் பையனாகிய அப்துல்லாஹ் அவரிடம் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே அவர் ஒரு புதுமையைக் கண்டார். இலைகளும் பூக்களும் சேகரிக்க ஓர் ஆள், பூச்சிகளும் புழுக்களும் பிடிக்க ஓர் ஆள், சிப்பியும் பவளமும் கொண்டுவர ஓர் ஆள், காட்டு விலங்குகளுக்கு ஓர் ஆள் என்று சம்பளம் கொடுத்து அமர்த்தியிருந்தார் துரை. மலாய் ஏடுகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். ஊரார் காசு கொடுத்தாலும் வேண்டாம் என்று தள்ளும் பொருளில் ஒருவர் இத்தனை ஆசை வைக்க முடியும் என்பதைப் பையன் வியந்து பார்த்தான். தன் ஊரின் இலையும் பூச்சியும் கதையும் பார்க்கத் தக்கவை என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டான்.

அப்படிச் சேர்த்த ஏடுகளின் முடிவு பெரிய துயரம். 1824-ல் ராபிள்ஸ் ஏறிய பேம் என்னும் கப்பல் சுமத்ராவின் பெங்கூலன் துறைக்கு அருகே தீப்பிடித்து எரிந்தது. ஆட்கள் தப்பினார்கள், ஏடுகள் சாம்பலாயின. படி எடுத்து வைக்காத அந்த ஏடுகளை எண்ணி அப்துல்லாஹ் வாழ்நாள் முழுதும் வருந்தினார். கண்டதை எழுதி வைக்கவேண்டும், எழுதியதை அச்சிடவேண்டும் என்ற உறுதி அவருக்கு இருந்ததில் வியப்பில்லை.

ஆங்கிலப் பாதிரிமார் மலாக்காவுக்கு வந்து பள்ளியும் அச்சுக்கூடமும் வைத்தபோது அப்துல்லாஹ் அவர்களிடம் ஆங்கிலம் படிக்கப் போனார். தந்தைக்குக் கோபம் வந்தது. ஊரார் ஏளனம் செய்தார்கள்; அப்துல்லாஹ் பாதிரி என்று பட்டப்பெயரும் சூட்டினார்கள். அவரோ மார்க்கத்தை விட்டு ஓரடியும் விலகவில்லை, படிப்பையும் விடவில்லை. மெட்ஹர்ஸ்ட் பாதிரியாரிடம் எழுத்துக் கோக்கவும் அச்சிடவும் பழகிக்கொண்டார். பின்னாளில் சிங்கப்பூரில் அவருடைய நூல்கள் அச்சேறியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். 1835-ல், ஒரு தமிழ் நண்பரின் துணையோடு, தமிழிலிருந்த பஞ்சதந்திரக் கதைகளை மலாயில் மொழிபெயர்த்தார். பாட்டி பேசிய மொழியை அவர் மறந்துவிடவில்லை.

நாற்பதுக்கு மேல்

இதுவரை சொன்னது இளமையின் கதை. இளமையில் ஆர்வம் இருப்பது பெரிய காரியமன்று. நமக்கு வேண்டியது இனிமேல் வரும் பகுதி.

நாற்பது வயதில் அப்துல்லாஹ் மனைவி மக்களோடு வாழும் மதிப்புள்ள ஆசிரியர். ஐரோப்பிய வியாபாரிகளும் பாதிரிமாரும் மலாய் படிக்க அவரைத் தேடி வந்தார்கள். மலாக்காவில் வீடு, சிங்கப்பூரில் வேலை என்று போகவர இருந்தார். அக்காலத்தில் நாற்பது என்பது முதியவர் வரிசையில் சேரும் வயது. போதும் என்று அவர் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

அந்த ஆண்டுகளில்தான் அவருக்குத் துன்பமும் வந்தது. 1836-ல் அவருடைய அருமை மகள் சித்தி லேலா இறந்துபோனாள். மனைவியின் அழுகை ஓயவில்லை. அவளைத் தேற்றுவதற்காக, இதயங்களுக்கு மருந்து என்று பொருள்படும் தவாவுல் குலூப் என்னும் நூலை எழுதினார். துயரம் வந்தபோதும் அவர் கை பேனாவைத் தேடியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1838-ல் ஒரு வேலை வந்தது. சிங்கப்பூர் வியாபாரிகள் சிலரின் சரக்கு கெலந்தானில் மாட்டிக்கொண்டிருந்தது. அங்கே அரச குடும்பத்தாருக்குள் சண்டை மூண்டு, ஊரெங்கும் அரண் கட்டித் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூர் அதிகாரிகளின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, சரக்கையும் பணத்தையும் மீட்டு வர ஆள் தேவைப்பட்டது. கிழக்குக் கரைக் கடலோ கொள்ளைக்காரர்களின் கடல். நாற்பத்திரண்டு வயது அப்துல்லாஹ் மொழிபெயர்ப்பாளராகப் போக ஒப்புக்கொண்டார். கூட வந்தவர்களில் கிராண்ட்பிரே என்பவரும் பாபா கோ ஆன் என்ற சீனரும் இருந்தார்கள்.

வியாபாரிகளாகிய நாம் இங்கே ஒன்றைப் பார்க்கவேண்டும். இது உல்லாசப் பிரயாணம் அன்று, வசூல் பிரயாணம். நம்மில் எத்தனையோ பேர் பாக்கி வசூலுக்கும் சரக்குப் பிடிக்கவும் ஊர் ஊராகப் போய்வருகிறோம். போன ஊரில் கடைக்காரர் முகமும் ரசீதும் தவிர வேறொன்றும் நினைவில் நிற்பதில்லை. அப்துல்லாஹ் போன காரியத்தையும் பார்த்தார், ஊரையும் பார்த்தார். பகாங்கில் இறங்கினால் அங்கே பொன்னும் ஈயமும் எங்கே கிடைக்கின்றன, இத்தனை வளமுள்ள நாட்டில் ஜனங்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று விசாரித்தார். திரெங்கானுவில் பிள்ளைகள் குர்ஆன் ஓதும் அழகைப் புகழ்ந்தார். அதே ஊரில் அரண்மனை முன்னால் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது, மஞ்சள் உடுத்தக்கூடாது என்றிருந்த தடைகளையும் குறித்துக்கொண்டார். ஆண்கள் ஆயுதத்தைச் செருகிக்கொண்டு சும்மா திரிவதையும், பெண்கள் சந்தையில் உட்கார்ந்து வியாபாரம் செய்வதையும் கவனித்தார். கெலந்தானில் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே போய்க் கடிதத்தைச் சேர்ப்பித்தார்.

திரும்பியதும் அதே ஆண்டில் பிரயாண நூலை எழுதி வெளியிட்டார். கண்ணால் கண்டதை, தன் அபிப்பிராயத்தோடு, சாதாரண ஜனங்களின் வாழ்வை வைத்து எழுதிய நூல் அது. அரசர்களின் புகழையும் அதிசயக் கதைகளையுமே அதிகம் கண்டிருந்த மலாய் எழுத்துக்கு அது புதிது. பாக்கி வசூலிக்கப் போன ஒருவர் கொண்டுவந்த சரக்குகளில் இன்றுவரை விலை குறையாமல் நிற்பது அந்த நூல்தான்.

புகைக்கப்பலும் வெள்ளித் தகடும்

1840-ல் மனைவியும் இறந்தார். தாயில்லாப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அப்துல்லாஹ் மலாக்காவை விட்டுச் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தார். ஆல்பிரட் நார்த் என்னும் அமெரிக்கப் பாதிரியார் தூண்ட, அதே ஆண்டு தம் சுயசரிதையை எழுதத் தொடங்கினார். வீடு இருண்டிருந்த அந்த நாட்களில், தாம் கண்ட நாற்பத்து நான்கு ஆண்டுகளையும் திரும்பிப் பார்க்கும் துணிவு அவருக்கு வந்தது. 1843-ல் எழுதி முடித்து, 1849-ல் சிங்கப்பூரில் கீஸ்பரி பாதிரியாரின் அச்சுக்கூடத்தில் வெளியிட்ட ஹிகாயத் அப்துல்லாஹ் அதுவே. ராபிள்ஸின் முகத்தோற்றம் முதல் மலாக்காக் கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது வரை அதில் காணலாம்.

எழுதிக்கொண்டிருந்த காலத்திலும் வெளியே பார்ப்பதை நிறுத்தவில்லை. 1841-ல் செசோஸ்திரிஸ் என்ற புகைக்கப்பல் சிங்கப்பூருக்கு வந்தது. பாயில்லாமல், காற்றில்லாமல், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஓடும் கப்பல் ஒன்று உண்டு என்று அவர் முன்பு சொன்னபோது கேட்டவர்கள் நகைத்தார்கள். இப்போது அவர் அந்தக் கப்பலில் ஏறினார். கொதிகலன் எங்கே, சக்கரம் எப்படிச் சுழல்கிறது, கரி எவ்வளவு தின்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். கரைக்கு வந்ததும் அது ஓடும் விதத்தை விளக்கி மலாயில் ஒரு சிறு நூல் எழுதினார். அது 1843-ல் வெளியாயிற்று. அதற்குப் பிறகும் பலர் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

அமெரிக்கக் கப்பல் வைத்தியர் ஒருவர் ஒரு புதுப் பெட்டியைக் காட்டியதும் அக்காலத்தில்தான். குன்றின் மேலிருந்து சிங்கப்பூர் நகரத்தை அப்படியே ஒரு வெள்ளித் தகட்டில் பதித்துக் காட்டினார் அவர். இப்போது நாம் போட்டோ என்று கையடக்கத் தொலைபேசியில் தட்டிவிடும் வித்தையின் முதல் வடிவம் அது. அப்துல்லாஹ் அதிசயித்ததோடு நிற்கவில்லை. தகட்டை எப்படித் துலக்குகிறார்கள், எந்தப் புகையில் காட்டுகிறார்கள், எவ்வளவு நேரம் வைக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்து எழுதிவைத்தார். அதில் அவருக்கு ஒரு காசு இலாபம் இல்லை. தெரிந்துகொள்வதே அவருக்குப் பொழுதுபோக்கு.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. வெள்ளைக்காரர் ஆட்சியை அளவுக்கு மீறி வியந்தார் என்றும், மலாய் அரசர்களைக் கடுமையாகவே பேசினார் என்றும் பிற்கால அறிஞர்கள் சொல்வதுண்டு. அதில் நியாயமும் உண்டு. எதையும் ஆவலோடு பார்க்கிறவர் சில நேரம் புதுப்பொருளின் பளபளப்பில் மயங்குவதும் இயல்பே. ஆயினும் அவர் பிழைகூட, பார்த்துவிட்டுச் சொன்ன பிழை, பாராமல் சொன்னதன்று.

கடைசிப் பிரயாணம்

1854-ல் அப்துல்லாஹ் அவர்களுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றச் சிங்கப்பூரிலிருந்து பாய்க்கப்பலில் புறப்பட்டார். அக்காலத்து ஹஜ் பிரயாணம் திரும்பி வருவோம் என்ற நிச்சயமில்லாதது. புயலும் நோயும் வழிப்பறியும் உண்டு. இதையெல்லாம் அறிந்தே பிள்ளைகளிடமும் நண்பர்களிடமும் விடைபெற்றார்.

கப்பலிலும் அவர் குறிப்பெழுதினார். கன்னியாகுமரி முனையருகே பெரும் புயல் பிடித்தது. அலைகள் ஒரு பக்கத்தில் ஏறி மறுபக்கத்தில் இறங்கின. பெட்டிகளும் பாய்களும் தண்ணீரில் மிதந்தன. மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்க நேரமின்றி அவரவர் உயிருக்காக இறைவனை வேண்டினார்கள். அந்தப் பயத்தை அவர் மறைக்கவில்லை, எழுதினார். பிழைத்தபின் மலபார்க் கரையையும் பார்த்தார். பாட்டியின் முன்னோர் பேசிய தமிழ் ஒலிக்கும் நாட்டை ஒட்டியும், முப்பாட்டனார் புறப்பட்ட ஏமன் கரையை ஒட்டியும் அந்தக் கப்பல் சென்றது. நான்கு தலைமுறை முன்னால் கிழக்கே வந்த வழியில் அவர் மேற்கே திரும்பினார் எனலாம்.

அந்த ஆண்டிலேயே ஹிஜாஸ் மண்ணில் அவர் வபாத்தானார். சிங்கப்பூருக்குத் திரும்பவில்லை. அவருடைய பிரயாணக் குறிப்பு மட்டும் திரும்பி வந்து அச்சேறியது.

வீட்டிலே இருந்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருப்பாரே என்று சிலர் நினைக்கலாம். இருக்கலாம். கடமை என்று புறப்பட்ட பிரயாணம் அது. பாதியில் முடிந்தது என்று எண்ண நமக்கு உரிமையில்லை. அதோடு, அவர் பிள்ளைகளுக்கு விட்டுப்போனதையும் பார்க்க வேண்டும். மனைவி இறந்த 1840-ம் ஆண்டில் பிறந்த மகன் முகம்மது இப்ராஹீம் முன்ஷி, பின்னாளில் ஜொகூர் அரசில் உயர்ந்த பதவி வகித்தார். 1870-களில் தாமும் ஊர் ஊராகப் பிரயாணம் செய்து, தந்தையைப் போலவே பிரயாண நூல் எழுதினார். பதினான்கு வயதில் தந்தையை இழந்த பிள்ளைக்குத் தந்தையின் கண் வந்து சேர்ந்துவிட்டது.

நமக்கு

நாம் எல்லோரும் நூலாசிரியர்கள் ஆகவேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அப்துல்லாஹ் அவர்களுக்குப் பெரும் செல்வம் இல்லை. நல்ல உடம்பும் இல்லை. இரண்டு வழக்கங்கள் மட்டும் இருந்தன. போன இடத்தில் கேட்பார், கேட்டதை எழுதுவார். இந்த இரண்டுக்கும் முதல் போடவேண்டியதில்லை.

செர்டாங்கிலிருந்து புறப்பட்டால் ஒரே நாளில் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பலாம். நம் பாட்டன்மாருக்கும் பல நூற்றாண்டுகள் முன்னால் சோழக் கரையிலிருந்து கப்பல்கள் வந்த இடம் அது. பினாங்கில் 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொழுதிருக்கிறோம்; அதைக் கட்டியவர்கள் எந்த ஊரார், எதில் வியாபாரம் செய்தார்கள் என்று விசாரித்திருக்கிறோமா? மலாக்காவில் முன்ஷி அப்துல்லாஹ் பெயரால் ஒரு சாலையே இருக்கிறது. அதில் காரில் போகிறவர்கள் ஒரு நாள் இறங்கி நடந்து பார்க்கலாம். வெளியே போக உடம்பு இடம்கொடாதவர்கள், அலமாரியில் கிடக்கும் பழைய பேரேட்டை எடுத்துப் பிரிக்கலாம். அரிசி அப்போது என்ன விலை, தோட்டத்துப் பாக்கி யார் யார் பெயரில் இருந்தது, எந்தக் கப்பலில் எந்த ஆண்டு வாப்பா வந்தார்கள் என்பதைப் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதலாம். பேம் கப்பலில் எரிந்த ஏடுகளைப் போல, எழுதாமல் போகும் பெரியவர்களின் நினைவுகளுக்கும் வேறு படி கிடையாது.

கடை மகன் கைக்கு மாறலாம், அதுதான் முறை. கேட்கும் வாயும் பார்க்கும் கண்ணும் எழுதும் கையும் நம்முடையவை. அவற்றை யார் பெயருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. ஆயுள் உள்ளமட்டும் அவற்றை நல்வழியில் நடத்த வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.